பொதுத் தொகுதி யாருக்குப் பொது?

கொஞ்சம் நீளமான பதிவு. முழுக்கப் படித்துவிட்டுத் திட்டுவதானால் திட்டுங்கள்.

2021 மே 2-ஆம் தேதி திருப்போரூர் தொகுதி முடிவு வந்ததிலிருந்து நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் பழைய மாணவர்கள் குழுவிலும் ஒரே பேச்சு. தம்பி முறை ஆகிற ஒருவர் எனக்கே தனியாக அனுப்பினார்: "அக்கா, பொதுத் தொகுதியையும் அவங்களுக்கே தூக்கிக் கொடுத்துட்டாங்க, பாத்தீங்களா?" கீழே கோபமான முகம் மூன்று.

முடிவு எல்லாருக்கும் தெரியும். விடுதலைச் சிறுத்தைகள் கட்சியின் எஸ்.எஸ். பாலாஜி பானைச் சின்னத்தில் 93,954 ஓட்டு. பாட்டாளி மக்கள் கட்சி வேட்பாளர் மாம்பழத்தில் 92,007 ஓட்டு. வித்தியாசம் 1,947.

நான் எந்தக் கட்சியிலும் இல்லை. யாருக்கு ஓட்டுப் போட்டேன் என்று என் வீட்டுக்காரருக்கே சொன்னது கிடையாது. மாம்பழத்துக்குப் போட்டவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. இவ்வளவு கிட்டே வந்து தோற்றால் யாருக்கும் வயிறு எரியத்தான் செய்யும். எனக்குச் சண்டை அந்த ஒரு வாக்கியத்தோடுதான். வாக்கியத்தைப் பிரித்துப் பொருள் சொல்லியே காலம் தள்ளியவள் நான். இதையும் பிரித்துப் பார்க்கிறேன்.

முதலில் "பொதுத் தொகுதி".

தமிழ்நாட்டில் மொத்தம் 234 தொகுதிகள். அதில் 44 பட்டியல் சாதியினருக்கு, 2 பழங்குடியினருக்கு. மீதி 188 பொது. நம் செங்கல்பட்டு மாவட்டத்தில் ஏழு தொகுதிகள். செய்யூரும் மதுராந்தகமும் தனித்தொகுதி. சோழிங்கநல்லூர், பல்லாவரம், தாம்பரம், செங்கல்பட்டு, திருப்போரூர் ஐந்தும் பொது.

நம்மில் பலர் மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கிறோம். தனித்தொகுதி அவர்களுக்கு, பொதுத் தொகுதி நமக்கு. அண்ணன் தம்பி பாகப்பிரிவினை மாதிரி. அவர்கள் பாகத்தையும் வைத்துக்கொண்டு நம் பாகத்துக்கும் வருகிறார்களே என்று கோபம்.

அரசியல் சட்டத்தில் அப்படி ஒரு பாகப்பிரிவினையே கிடையாது. "மற்ற சாதிகளுக்கு ஒதுக்கப்பட்ட தொகுதி" என்று ஒன்று எங்கும் எழுதப்படவில்லை. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 5 சொல்வது எளிமையானது. தனித்தொகுதியில் நிற்க அந்தச் சாதியைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். வேறு தொகுதியில் நிற்க, மாநிலத்தில் எங்காவது வாக்காளராக இருந்தால் போதும். அதோடு இந்தியக் குடிமகன், 25 வயது. அவ்வளவுதான். பொது என்றால் எல்லாருக்கும் பொது. "அவர்கள் நீங்கலாகப் பொது" என்று பொருள் கிடையாது.

இதை நானாகச் சொல்லவில்லை. உச்ச நீதிமன்றம் 1959-லேயே முடித்துவைத்த விஷயம். அந்தக் காலத்தில் சில இடங்களில் ஒரே தொகுதிக்கு இரண்டு உறுப்பினர். ஒன்று ஒதுக்கீடு, ஒன்று பொது. 1957 மக்களவைத் தேர்தலில் ஆந்திராவின் பார்வதிபுரம் அப்படி ஒரு தொகுதி. அங்கே ஒதுக்கீட்டு இடத்தையும் பொது இடத்தையும் இரண்டு பழங்குடி வேட்பாளர்களே பிடித்துவிட்டார்கள். தோற்றவர் சாதாரண ஆள் இல்லை, வி.வி. கிரி. பின்னாளில் நாட்டின் குடியரசுத் தலைவரானாரே, அவரேதான். ஒதுக்கீட்டு இடத்துக்காக நின்றவருக்குப் பொது இடத்தை எப்படித் தரலாம் என்று வழக்குப் போட்டார். கூடுதல் ஓட்டு வாங்கியவருக்குத்தான் பொது இடம், அவர் பழங்குடி என்பதால் அதைப் பறிக்க முடியாது என்று தீர்ப்பாகிவிட்டது. 1959-லேயே வி.வி. கிரி தோற்ற வழக்கைத்தான் நம் குழுவில் மறுபடி நடத்திக்கொண்டிருக்கிறோம்.

"பொது" என்ற சொல்லுக்காக இந்த மண்ணில் ஏற்கெனவே ஒரு போராட்டம் நடந்திருக்கிறது. மதுராந்தகம் பக்கம் கோழியாளத்தில் பிறந்தவர் இரட்டைமலை சீனிவாசன். நம் மாவட்டத்துக்காரர். 1924-ல் சென்னை மாகாண சட்டசபையில் அவர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலையில், பொதுக் கிணற்றில், பொது அலுவலகத்தில் எந்தச் சாதிக்காரரும் போகலாம், புழங்கலாம் என்பதுதான் அது. யோசித்துப் பாருங்கள். பொதுச் சாலை எல்லாருக்கும் பொது என்று சொல்வதற்கே ஒரு தீர்மானம் தேவைப்பட்டிருக்கிறது. கிணறு பேரில் "பொது" இருந்தது, புழக்கத்தில் இல்லை. அன்றைக்குக் கிணற்றுக்குச் சொன்னதைத்தான் இன்றைக்குத் தொகுதிக்குச் சொல்கிறோம். பெயர்தான் மாறியிருக்கிறது.

இரண்டாவது, "கொடுத்துட்டாங்க".

யார் கொடுத்தது? "கூட்டணியில திமுக கொடுத்துச்சு" என்கிறீர்கள். திமுக அணியில் விசிகவுக்கு 6 இடம். அதிமுக அணியில் பாமகவுக்கு 23 இடம். பிப்ரவரி மாதக் கடைசியில் அந்த 23 கையெழுத்தானபோது நம் குழுவில் என்ன எழுதினார்கள் என்று மேலே தள்ளிப் பாருங்கள். "போராடி வாங்கிட்டோம்" என்றுதான் இருக்கிறது. நமக்கு வந்தால் வாங்கினோம். அவர்களுக்குப் போனால் கொடுத்தார்கள். ஒரே செயலுக்கு இரண்டு வினைச்சொல் வைத்தால் அது இலக்கணப் பிழை இல்லை, மனப்பிழை.

கூட்டணி கொடுப்பது நிற்கிற இடத்தைத்தான். சட்டமன்ற நாற்காலியை வாக்காளர்தான் கொடுக்க வேண்டும்.

இந்தப் பிரச்சாரத்தில் எது சுலபமாக இருந்தது என்று கேட்கிறேன். உதயசூரியனில் நின்றிருந்தால் பாதி வேலை மிச்சம். எழுபது வயது பாட்டிக்கும் அந்தச் சின்னம் தெரியும். மதிமுக ஆறு இடத்திலும் உதயசூரியனில்தான் நின்றது. விசிக மாட்டேன் என்றது. ஆறு இடத்திலும் பானையில்தான் நிற்போம் என்று நின்றது. வேட்புமனு வாபஸ் வாங்கக் கடைசி நாள் மார்ச் 22. பிரச்சாரம் ஓய்ந்தது ஏப்ரல் 4 மாலை. வேட்பாளர் பட்டியல் இறுதியான பிறகு இருந்தது இரண்டே வாரம். அதற்குள் கேளம்பாக்கத்திலிருந்து மாமல்லபுரம் வரைக்கும், திருக்கழுக்குன்றம் வரைக்கும், கடற்கரைக் குப்பத்திலும் ஏரிக்கரை ஊரிலும் பானையைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

ஏன் இந்தப் பிடிவாதம் என்று சிலர் சிரித்தார்கள். காரணம் இருக்கிறது. இன்னொரு கட்சியின் சின்னத்தில் நின்று ஜெயித்தால் சட்டமன்றப் பதிவேட்டில் நீங்கள் அந்தக் கட்சி உறுப்பினர். அவர்கள் கொறடா சொன்னபடிதான் கையைத் தூக்க வேண்டும். மீறினால் கட்சித் தாவல் சட்டம் பாயும். திருமாவளவன் 2001-ல் மங்களூர் தொகுதியில் உதயசூரியனில் நின்று ஜெயித்தார். 2004-ல் ராஜினாமா செய்துவிட்டு வெளியே வந்தார். அந்த அனுபவம் உள்ளவர்கள் சின்னத்தை விட்டுக்கொடுக்க மாட்டார்கள். கொடுத்ததை வாங்கிக்கொண்டு போகிற ஆட்கள் என்றால் இந்தச் சிரமம் எதற்கு?

இன்னொரு கணக்கும் பாருங்கள். விசிக நின்ற ஆறில் நான்கு தனித்தொகுதி: வானூர், அரக்கோணம், செய்யூர், காட்டுமன்னார்கோவில். இரண்டு பொது: நாகப்பட்டினம், திருப்போரூர். தனித்தொகுதி நான்கில் ஜெயித்தது இரண்டு. பொதுத் தொகுதி இரண்டில் ஜெயித்தது இரண்டும். "அவங்களோட இடம்" என்று நாம் ஒதுக்கிவைத்த இடத்தில் பாதி கைவிட்டுப் போனது. "நம்ம இடம்" என்று வேலி போட்டு வைத்த இடத்தில் முழு வெற்றி. வேலி நம் மனசில் இருக்கிற அளவுக்கு வாக்காளர் மனசில் இல்லை.

மூன்றாவதுதான் எனக்கு ரொம்ப உறுத்தியது. "அவங்க".

அவங்க என்றால் யார்? நாகப்பட்டினம் பொதுத் தொகுதியில் விசிக நிறுத்திய ஆளூர் ஷாநவாஸ் ஒரு முஸ்லிம். அவரும் பானையில் ஜெயித்தவர்தான். அவர் எந்த "அவங்க"? திருப்போரூரில் பானைக்கு விழுந்த 93,954 ஓட்டும் ஒரு தெருவிலிருந்து வந்ததா? மீனவர் போட்டிருப்பார். சிப்காட்டில் வேலை பார்க்கிற பிள்ளைகள் போட்டிருப்பார்கள். படூர், நாவலூர் அடுக்குமாடியில் இருப்பவர் போட்டிருப்பார். நம் குழுவில் இருக்கிற சிலரும் போட்டிருப்பார்கள், வெளியே சொல்லவில்லை. இவ்வளவு பேரையும் ஒரே சொல்லில் அடைத்து அந்தப் பக்கம் தள்ளிவிட்டோம்.

"சேரி ஓட்டு" என்று ஒருவர் எழுதியிருந்தார். அவர் சிறுசேரிக்காரர்! தம்பி, உங்கள் ஆதார் அட்டையை எடுத்து முகவரியைப் படியுங்கள். சங்க இலக்கியத்தில் சேரி என்றால் மக்கள் சேர்ந்து வாழும் இடம், தெரு. சோழர் காலத்துப் பிராமண ஊர்களில்கூடச் சேரிகள் உண்டு. அப்புறம்தான் ஊர் வேறு, சேரி வேறு என்று கோடு போட்டு, அந்தச் சொல்லை ஒரு பக்கத்து மக்களின் தலையில் கட்டினோம். சிறுசேரி, வேளச்சேரி, செம்மஞ்சேரி என்று இந்தப் பக்கமெல்லாம் அந்தப் பெயர்தான். மனை விற்கும்போது சதுர அடிக்கு எவ்வளவு என்று பெருமையாகச் சொல்கிறோம். ஓட்டு எண்ணும்போது மட்டும் சேரி கெட்ட வார்த்தை ஆகிவிடுகிறதா?

இப்போது கொஞ்சம் கசப்பான விஷயம். நம் வீட்டுப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்.

பிப்ரவரி 26-ஆம் தேதி 10.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டுச் சட்டம் நிறைவேறிய அன்றைக்கு நம் குழுவில் பட்டாசுப் படமாக வந்து குவிந்தது. நானும் சந்தோஷப்பட்டேன். 1987 சாலை மறியலில் உயிர் விட்டவர்களைப் பற்றிக் கேட்டு வளர்ந்த வீடு இது. எண்ணிக்கைக்கு ஏற்ற பங்கு வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை. அதே தராசை அந்தப் பக்கமும் பிடியுங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் நூற்றுக்கு 20 பேர். 234-க்கு 44 என்பது 19-க்கும் குறைவு. அந்த 44-க்குள்ளேயே கிட, மீதி 188-ஐ எட்டிப் பார்க்காதே என்றால், பங்கு கேட்கும் உரிமை நமக்கு மட்டும்தான் என்றாகிறது. பங்கு கேட்டுப் போராடியவன் வாயிலிருந்து வரக்கூடாத பேச்சு இது.

கட்சியின் பழைய வரலாறாவது தெரிந்திருக்க வேண்டும். பாமக சார்பில் முதன்முதலாக மத்திய அமைச்சரானவர் யார்? தலித் எழில்மலை. 1998-ல் வாஜ்பாய் அமைச்சரவையில் சுகாதாரத் துறை. பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒருவரைத்தான் அந்தக் கட்சி முதலில் அந்த நாற்காலியில் உட்கார வைத்தது. அதே எழில்மலை 2001 இடைத்தேர்தலில் அதிமுக சார்பில் திருச்சி மக்களவைத் தொகுதியில் நின்று ஜெயித்தார். திருச்சி பொதுத் தொகுதி! அன்றைக்கு அங்கே வானம் இடிந்து விழவில்லை. நம் பெரியவர்கள் அப்போது கைதட்டினார்கள். அன்றிலிருந்து நாம் முன்னே வந்திருக்கிறோமா, பின்னே போயிருக்கிறோமா?

"டீச்சர், அது ஒரு கோபத்துல சொன்ன வார்த்தை, அதுக்குப் போயி இவ்வளவா?" என்று ஒரு பழைய மாணவர் கேட்டார். கேட்கவேண்டிய கேள்விதான். பதில் சொல்கிறேன்.

"தனித்தொகுதி அவங்களோடது" என்பதையாவது நாம் உண்மையாக ஒத்துக்கொண்டோமா? மதுரை மாவட்டம் மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவி 1996-ல் ஒதுக்கீட்டுக்கு வந்தது. முருகேசன் நின்றார், ஜெயித்தார். 1997 ஜூன் 30 அன்று பஸ்ஸை மறித்து அவரையும் அவரோடு இருந்த ஐந்து பேரையும் வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தலில் பத்து வருஷம் ஒழுங்காக ஊராட்சித் தேர்தலே நடத்த விடவில்லை. 2006-ல்தான் நடந்தது. அங்கெல்லாம் முதலில் கிளம்பியது அரிவாள் இல்லை. டீக்கடையில் ஒரு வாக்கியம்தான் கிளம்பியிருக்கும். "நம்ம பதவியை அவங்களுக்குக் கொடுத்துட்டாங்க."

பொது என்றால் நமக்கு, தனி என்றாலும் நமக்கு விருப்பமானவருக்கு. இதுதான் அந்த வாக்கியத்தின் முழுப் பொருள்.

நம் ஊர் அப்படி இல்லை, உண்மைதான். ஆனால் கவனமாக இருக்கவேண்டிய நேரம். 2019 கடைசியில் மற்ற மாவட்டங்களில் ஊராட்சித் தேர்தல் நடந்தபோது, புதிதாகப் பிரித்த மாவட்டம் என்று நமக்கு நடத்தவில்லை. 2021 அக்டோபரில்தான் நடந்தது. ஒவ்வொரு தடவையும் எந்த வார்டு பொது, எந்த வார்டு தனி, எது பெண்களுக்கு என்று பட்டியல் வரும். சட்டமன்றத் தொகுதி பெரியது. வேட்பாளர் முகத்தை ஒரு தரம் பார்த்தால் அதிகம். ஊராட்சித் தேர்தல் அப்படி இல்லை. எதிர்த்து நிற்பவர் அடுத்த தெருவில் இருப்பார். ஒரே ரேஷன் கடையில் வரிசையில் நிற்பார். உங்களோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து என்னிடம் படித்தவராக இருப்பார். இந்த வாக்கியம் அந்தத் தேர்தலுக்குள் நுழைந்தால் எப்படி முடியும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

நம் பக்கத்து உத்திரமேரூர் கல்வெட்டை எல்லா மேடையிலும் பெருமையாகச் சொல்கிறோம். பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 921-ல், குடத்தில் ஓலை போட்டு உறுப்பினர் தேர்ந்தெடுத்தார்கள் என்று. பெருமைதான். ஆனால் அந்தக் குடத்தில் பேர் போடத் தகுதி என்ன? வரி கட்டுகிற சொந்த நிலம், சொந்த மனையில் வீடு, 35-க்கு மேல் 70-க்குள் வயது, வேதக் கல்வி. அந்தக் கணக்கில் உங்கள் தாத்தா பேரும் குடத்துக்குள் போயிருக்காது, என் தாத்தா பேரும் போயிருக்காது. அந்தக் கதவையெல்லாம் திறந்துவிட்டதுதான் இந்த அரசியல் சட்டம். நாம் உள்ளே வந்தபிறகு, பின்னால் வருகிறவர் முகத்தில் கதவைச் சாத்துவது அழகா?

கடைசியாக, எம்.எல்.ஏ.வைக் கேள்வி கேட்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நன்றாகக் கேளுங்கள். கேட்க நிறைய இருக்கிறது. நெம்மேலியில் 2013-லிருந்து கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை ஓடுகிறது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் எடுக்கும் திறன், சென்னைக்காக. ஆலை இருக்கிற தொகுதியின் ஊர்கள் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நிற்பது ஏன் என்று கேளுங்கள். நாவலூர் சுங்கச்சாவடியில் 2023 வரை உள்ளூர்க்காரனும் ஏன் காசு கொடுக்க வேண்டியிருந்தது என்று கேளுங்கள். சிப்காட் வந்து இத்தனை வருஷம் ஆகியும் நம் பிள்ளைகளுக்கு அங்கே என்ன வேலை கிடைத்தது, வாசலில் நிற்கிற காவலாளி வேலையா, உள்ளே உட்காருகிற வேலையா என்று கேளுங்கள். ஏரிக்கால்வாய் அடைத்துக் கட்டிய கட்டடங்கள் பற்றிக் கேளுங்கள். பஞ்சமி நிலம் பற்றியும் கேளுங்கள். 1892-ல் வெள்ளைக்காரன் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் கொடுக்க ஆணை போட்டதே நம் செங்கல்பட்டு கலெக்டர் டிரமென்ஹீரின் அறிக்கையால்தான். அந்த நிலத்தைத் திருப்பிக் கேட்ட காரணைப் போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்று இரண்டு உயிர் போனது. அதற்கு இந்தக் கட்சி என்ன செய்யப்போகிறது என்று அவரை உட்கார வைத்துக் கேளுங்கள். வேலை செய்யவில்லை என்றால் அடுத்த தேர்தலில் வீட்டுக்கு அனுப்புங்கள். 1,947 ஓட்டு ஒன்றும் பெரிய மலை இல்லை.

வேலையை வைத்து எடை போடுங்கள், பிறப்பை வைத்து வேண்டாம். மாம்பழம் ஜெயித்திருந்தாலும் அவரிடம் இதே கேள்விகளைத்தான் கேட்டிருப்பேன்.

குழுவில் ஒன்று சொல்லிவிடுகிறேன். தோற்ற கட்சிக்காக வருத்தப்படுங்கள், ஜெயித்த கட்சியைக் கிண்டல் செய்யுங்கள், அதெல்லாம் அரசியல். "அவங்களுக்குக் கொடுத்துட்டாங்க" என்று மட்டும் எழுதாதீர்கள். உறவு விட்டுப்போகும் என்ற பயத்தில் பெரியவர்கள் பேசாமல் இருந்துவிடுவார்கள் என்று நினைக்கவேண்டாம். நான் ஒவ்வொரு தடவையும் பதில் எழுதுவேன். இதைவிட நீளமாக.

முகக்கவசம் போடுங்கள். தடுப்பூசி முகாம் எந்தத் தெருவில் நடந்தாலும் போய்ப் போட்டுக்கொள்ளுங்கள். அதுவும் பொதுதான்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
சிறுசேரி